இருநூறு வயர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜொவிட்டாவின் தோத்திரம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். மேற்கு மாம்பலம் விடுதியில் தண்ணீர்கூட ஒழுங்காக வருகிறது.

வேலையில் சின்ன விஷயம் ஒன்று, பயப்படாதீர்கள். அடையாறில் ஒரு மருத்துவமனையின் சர்வர் அறைக்கு இருநூறு வயர் இழுத்தோம். எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று லேபிள் ஒட்டி, ஒன்றோடொன்று பின்னாமல் வரிசையாகப் படிய வைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் தணிகாசலம் வந்தார்.

"இன்னாம்மா, சடை பின்னிக்கினு கீற? மொத்தமா கட்டி கதவ சாத்து. உள்ள எவன் பாக்கப் போறான்?"

"ஒரு வயர் கெட்டா, அதத் தேடுறவங்க பாப்பாங்க சார்."

அவரே எல்லாவற்றையும் அள்ளி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். நான் அத்தனை பட்டைகளையும் வெட்டி, வயர்களை மறுபடி வரிசைப்படுத்தினேன். ஒரு நாள் கூடுதலாக ஆனது.

மறுநாள் ஆபீசில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். 'அடுத்த இடத்திலும் இப்படித்தான் செய்வேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது சாந்தோமில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பன்னிரண்டே வயர். பன்னிரண்டுக்கும் லேபிள் ஒட்டினேன்.

என் பச்சைப் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள். இங்கே குளிர் இல்லைதான், இருந்தாலும் அனுப்புங்கள். நம் ஜிம்மி இப்போது யார் காலடியில் படுக்கிறது என்றும் எழுதுங்கள்.

போனில் சொன்னால், வேலைதான் முக்கியம், மன்னிப்புக் கேள் என்பீர்கள். அதனால்தான் கடிதம். கேட்க மாட்டேன் அப்பா.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜொவிட்டா