கையை நீட்டினது யார்

இன்று வீட்டுக்குத் தையல் மிஷின் வந்தது. அதன் எண்ணெய் வாசம் வீடெல்லாம் பரவி நிற்கிறது. என் மகள் ஓடிவந்து, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றக் கையை நீட்டினாள். நான் போட்ட கத்தலில் பிள்ளை அழுதேவிட்டது. அவளைப் பார்த்துக் கத்தினது நானில்லை கூட்டாளி, நீ. செத்துப்போயும் என் தொண்டைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

உலகச் சண்டைக் காலம் அது. நூல் வரத்து நின்று, அருப்புக்கோட்டையில் நம் தெருத் தறிகளெல்லாம் சும்மா கிடந்தன. மதுரை மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. "இதுவும் கெடைக்கலேன்னா தறியக் கழட்டி வெறகுக்குப் போட்ர வேண்டியதுதான்" என்றார் என் அப்பா. வெறும் வாய்ப்பேச்சில்லை, அரிவாளைத் தீட்டியே வைத்திருந்தார்.

உனக்கும் என் வயதுதான். ஆனால் தெருவில் மில்லைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய், வலது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாய். தறியில் உட்காரும் முன் தொட்டுக் கும்பிடுவோமே, அதே பழக்கத்தில் ஓடுகிற மிஷினைத் தொட்டிருக்கிறாய். அதனால் நம் தெருப் பையன்களை எல்லாம் கூட்டி வைத்து நீயே பழக்கினாய். நகத்தை வெட்டச் சொன்னாய். வேட்டி நுனி தொங்காமல் கட்டச் சொன்னாய். வயது கேட்டால் முழிக்காமல் சொல்லச் சொன்னாய். உங்கள் வீட்டு ராட்டையை வேகமாகச் சுற்றவிட்டு, எங்களை எதிரே நிறுத்தி, "ம், ஆரம்பி" என்பாய். தொட்டுக் கும்பிடக் கை நீண்டால் முதுகில் புளிய விளாறு பேசும். திட்டு நம் தெருத் தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. "கும்பிடணும்னா தலையால கும்பிடுலே! கையப் பொறத்தால கட்டு!"

மில்லுக்கு நீயும் வந்தாய். காரியாபட்டி தாண்டி பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் நின்று நின்று போனபோது, வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "மூணு வெரலு போதும்லே, அறுந்த எழைய முடிய. அம்மாவுக்கு வேற யாரு இருக்கா?" என்றாய். கையைப் பார்த்துவிட்டால் உன்னை வாசலோடு அனுப்பிவிடுவார்களே!

வேலையை ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் கவனிக்க, மேஸ்திரி ஒவ்வொருவரையும் ஓடுகிற மிஷின் முன் நிறுத்தினார். தொட்டுக் கும்பிடக் கை நீட்டினவனை அப்படியே வெளியே தள்ளினார். எனக்கு அடுத்து நீ. அம்மாடி, அந்தச் சத்தம்! தரையே அதிர்ந்தது. "ஆரம்பி" என்று மேஸ்திரியின் வாய் அசைந்தது. அவர் அடுத்த மிஷின் பக்கம் திரும்பினார். எனக்கு அப்பாவின் அரிவாள் நினைவுக்கு வந்தது. சாமி, நீதான் காப்பாத்தணும் என்று நினைத்தேன். அவ்வளவுதான், கை தானாக நீண்டுவிட்டது.

நீ பாய்ந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். துண்டு அவிழ்ந்து மிஷினுக்குள் போனது. கண்மூடித் திறப்பதற்குள் நார் நாராகிவிட்டது. துண்டு சிக்கி, மிஷினை ஓட்டும் தோல்பட்டை நின்றது. மேஸ்திரி திரும்பிப் பார்க்கையில் மிஷினருகே இருந்தது உன் மொட்டைக் கைதான்.

"எவன்டா கைய விட்டது?"

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை ஓங்கி மிதித்தாய்.

"நாந்தான்யா. இவன் கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னான்."

அவர் உன் கையைப் பார்த்தார். "மிஷினு ஏற்கெனவே தின்னது பத்தலையா? போடா வெளியே!" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். எனக்கு வேலை கிடைத்தது.

சாயங்காலம் வாசலில் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாய். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நீ என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "வெரலு எல்லாம் இருக்குல்லே. பெறகென்ன எழவுக்கு அழுவுற?" என்றாய். துண்டு போனதுக்குத்தான் வருத்தப்பட்டாய்.

எங்கள் தறி விறகாகவில்லை. நீ கடைசிவரை வீரசோழன் சந்தைக் கடைகளுக்கு மூட்டை சுமந்தாய். போன மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இன்று மகளின் கண்ணைத் துடைத்து, அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வைத்தேன்.

"சாமி கும்பிட வேணாமாப்பா?"

"கும்பிடு தாயீ. தலையால கும்பிடு."

நானும் பக்கத்தில் நின்று கையைப் பின்னால் கட்டித் தலை குனிந்தேன். அவள் சாமியைக் கும்பிட்டாள். நான் உன்னைக் கும்பிட்டேன்.