சேகாவைப் பழித்த வீட்டுச் சம்பந்தம்

மேலக்கரிசல்பட்டி,
கோவில்பட்டி வழி.
ஆடி மாதம், 2001.

சிங்கப்பூரில் கப்பலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் என் கொழுந்தன் செல்வகணேஷுக்கு, மதினி வெயிலம்மாள் எழுதுவது.

இங்கே மனுஷர், ஆடு, மாடு எல்லாரும் சுகம். மழைக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது, இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. என் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் அப்படித்தான். நிதானமாக வாசி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. உனக்கு இப்போது அவசரம் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று கேள்வி.

நீ உங்க அண்ணனுக்குப் போட்ட கடிதம் ஆனிக் கடைசியில் வந்தது. "சேகாவைப் பழித்த வீட்டில் எனக்குச் சம்பந்தம் வேண்டாம், சந்தனமாரி வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்று இரண்டே வரி. அதை வாசித்துவிட்டு மனுஷன் தொழுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஏட்டி, நம்ம தம்பி கெட்டுப்போயிட்டான். சேகான்னு எவளையோ சேத்துக்கிட்டான். மலாய்க்காரியா சீனத்தியான்னு தெரியல" என்று மூக்கைச் சிந்தினார். மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. போன லீவில் நீ கொண்டுவந்து, எலி கடித்துவிடாமல் பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுப்போன வெள்ளைப் பெட்டியின் பேர்தான் சேகா, டிவியில் மாட்டி விளையாடுகிற சாமான் என்று எடுத்துச் சொன்னேன். அழுகை நின்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாட்டுச் சாமானுக்காகவா பாக்கு மாத்துன பொண்ண வேண்டாங்கான்? இதுக்கு அந்தச் சீனத்தியே வந்திருக்கலாம்" என்றார்.

மறுநாளே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டில் சொல்லிவிடக் கிளம்பினார். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் நல்லதும் பேசக்கூடாது, பேசின நல்லதை முறிக்கவும் கூடாது என்று நானாக ஒரு சாஸ்திரம் உண்டாக்கி நிறுத்திவைத்தேன். ஆவணி வரைக்கும் அது தாங்கும். அதற்குள் என்ன ஏது என்று பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

உன் சிநேகிதன், சந்தனமாரியின் அண்ணன் செண்பகராஜ் வீட்டு முன்னறையில்தானே டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஆளைப் பார்க்க வாடின கொத்தமல்லி மாதிரி இருந்தான். "உன் தங்கச்சி மாப்பிள்ளை போன் பேசுதாரா" என்று அவனிடம் சும்மா கேட்டேன். "நான் பெரிசா ஒண்ணும் சொல்லல மதினி. சேகா கம்பெனி இனிமே பெட்டியே செய்யாதுன்னு செய்தி வந்துச்சு. போன்ல, நாங்க ஜெயிச்சுட்டோம்லே, இனிமேயாவது எம் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு வந்து சேருலேன்னேன். வச்சுட்டான். அன்னையிலருந்து பேச்சில்ல" என்றான். நீ உங்க அண்ணனுக்கு எழுதினது அவனுக்கும் தெரியாது, அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நானும் மூச்சு விடவில்லை.

ஆனால் கேலியை மட்டும் விட முடியவில்லை. நான் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள் இல்லையா. உள்ளே ஒரே குச்சி, ஒரே மருந்து. ஒரு கட்டுக்குக் கிளிப்படம் ஒட்டுவோம், அடுத்த கட்டுக்கு விளக்குப்படம் ஒட்டுவோம். வடக்கே ஏதோ ஒரு ஊர்க்காரன் கிளிப்படம் இல்லாவிட்டால் பீடியே பற்றவைக்க மாட்டானாம். அதைச் சொல்லி, "ரெண்டும் ஜப்பான்காரன் பெட்டிதானலே, லேபிளுக்காகவா மல்லுக்கட்டுதீக" என்று கேட்டேன். அவனுக்கு வந்ததே வேகம். "லேபிள் இல்ல மதினி. அவன் பெட்டியில உள்ள வெளையாட்டுக் கதை எம் பெட்டியில வராது. எம் பெட்டியில உள்ளது அவன் பெட்டியில வராது" என்றான். நிண்டெண்டோ என்று மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறதாமே. கதை செய்கிற கம்பெனி ஒன்று அந்தக் கட்சியை விட்டு இவன் கட்சிக்கு வந்த சமாச்சாரத்தைப் பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரி விவரித்தான். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே டிவிச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

உள்ளே சந்தனமாரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உன் சேகாவை ஓட்டிக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்து அவள்தான் வந்து கேட்டாள், கம்புப் பானைக்குள் தூங்கின பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் இதையும் சேர்த்து ஒரே கோபமாகப் பட்டுக்கொள். பாக்கு மாற்றின அன்று நீயும் அவள் அண்ணனும் விளையாடினபோது அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டாளாம். நீ பாவம், உன்னைத்தான் பார்க்கிறாள் என்று தலையைக் கோதிக்கோதி விட்டுக்கொண்டிருந்தாய். அவள் பார்த்தது டிவியை.

திரை பூராவும் ஜப்பான் எழுத்து. முருங்கைக் குச்சியை ஒடித்து அடுக்கின மாதிரி இருக்கிறது. அவளோ இது மருந்து, இது கத்தி, இது ஓடிப்போகிறதுக்கு என்று பொறுக்கிப் பொறுக்கித் தொடுகிறாள். எந்தப் பள்ளிக்கூடத்திலட்டி படிச்சே என்றேன். "அடி வாங்கி அடி வாங்கிப் படிச்சதுக்கா. மருந்துன்னு தப்பாத் தொட்டு ஒருதரம் செத்தா, மறுதரம் மறக்காதுல்லா" என்றாள். அப்புறம் ஒரு சண்டை வந்தது. நான் கண்டதிலேயே மரியாதையான சண்டை அதுதான் தம்பி. ஆனை உயரத்துக்கு ஒரு பல்லி. நம் பக்கம் மூன்று பேர். ஒருத்தன் அடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்கிறான். அப்புறம் பல்லி அடிக்கிறது, அதுவும் தன் இடத்தில் போய் நிற்கிறது. இவள் மருந்து தேடுகிற நேரமெல்லாம் பல்லி மூச்சு வாங்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறது. முதல் பந்திக்கு முண்டுகிற நம் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து அந்தப் பல்லியைக் காட்ட வேண்டும்.

அதற்கு அடுத்தாற்போல ஒரு பொட்டல் வந்தது. அங்கிருந்து எனக்குக் கேலி வரவில்லை.

கறுத்த தரை. தரை பூரா வெடிப்பு. சித்திரையில் நம் கண்மாய்க்குள் பாளம் பாளமாக வெடிக்குமே, கன்றுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்துமே, அதே வெடிப்பு. தூரத்தில் ஒற்றை மரம். கானலில் மரத்தின் அடி நெளிகிறது, நுனி நெளியவில்லை. ஒரு சின்னப் பெண் காலிக்குடத்தோடு அதைப் பார்த்து நடக்கிறாள். குழல் மாதிரி ஒரு சத்தம், அதற்கு நடுவில் குடம் இடுப்பில் இடிக்கிற சத்தம், வேறு ஒன்றும் கிடையாது. அவள் நடக்க நடக்க மரம் கிட்டவே வரவில்லை. உச்சி வெயிலில் ஆட்டுக் கிடைக்குச் சோறு கொண்டுபோகும்போது எனக்கும் மரம் கிட்ட வராது தம்பி. நான் யாரிடமும் சொன்னதில்லை. இதெல்லாம் ஒரு சொல்லக்கூடிய விஷயம் என்றே எனக்குத் தோன்றினதில்லை. கடல் தாண்டி இருக்கிற ஜப்பான்காரன், நம் கரிசலைக் கண்ணால் பார்த்திராதவன், அதை எப்படித் தெரிந்துவைத்திருக்கிறான்? யார் போய்ச் சொன்னது? பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு பக்கத்து வீட்டுப் பொம்பளைகளும் வந்து வாசலில் நின்றார்கள்.

பொட்டலின் கோடியில் ஒரு கல்கதவு. அதற்கு முன்னால் ஒரு கிழவர். உனக்குத் தெரிந்த இடம்தான். அந்தப் பெண்ணைக் கண்டதும் எழுந்து நெடுநேரம் என்னமோ சொன்னார். கீழே எழுத்தாக ஓடியது, ஓர் எழுத்தும் விளங்கவில்லை. சொல்லி முடித்துத் தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வரைக்கும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அந்தச் சின்னப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். தம்பி, நான் அழுதுவிட்டேன். எங்கள் அப்பா செத்தபோதுகூடப் பக்கத்தில் இருந்தவளைக் கேலி பண்ணினவள் நான். அதை நீயே சொல்லிச் சிரிப்பாய். பாஷை தெரியாத ஒரு கதைக்கு மூக்கு ஒழுக அழுதேன்.

அந்தக் கிழவர் அந்தப் பெண்ணின் தாத்தா என்றும், வழியனுப்பக் குனிகிறார் என்றும் நீ சொல்வாயாம். சந்தனமாரி ஒப்பவில்லை. "பேத்திக்கிட்ட எந்தத் தாத்தாக்கா அப்படிக் குனிவாரு? ஊத்துத் தண்ணிய அடைச்சு வச்சதே இவருதான். அதான் கதவுகிட்டயே காவல் கெடக்காரு. தப்புப் பண்ணுனவரு குனியிற குனிப்பு அது" என்றாள். முன்னறையிலிருந்து செண்பகராஜ், "கெழவனுக்கு இடுப்புப் பிடிப்பு" என்று சத்தம் கொடுத்தான். எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எழுத்து ஒருத்தருக்கும் தெரியாது. பார்த்தது ஒரே படம். ஆனால் ஆளுக்கு ஒரு கதையைச் சொந்தமாகச் செய்து அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பெட்டியைச் சொன்னால் உங்களைச் சொன்ன மாதிரிச் சுடுகிறது. லேபிள் என்று சொன்ன என் வாயை மூடிக்கொண்டேன். சேகா பெட்டி செய்கிறதை விட்டபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரம்தான் விளங்கியது. அதுவரை உன்னைப் பைத்தியக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன், ஆனால் மரியாதையோடு நினைக்கிறேன்.

கதவைத் திறட்டி, உள்ளே தண்ணி இருக்கான்னு பார்ப்போம் என்றேன். அவள் திறக்கவில்லை. உன் லீவு முடிந்து நீ நிறுத்தின இடமும் அந்தக் கதவுதானாம். அதைப் பதிந்து வைக்கிற சின்ன அட்டையைக் கழற்றிக் காட்டினாள், அதற்குள்ளேயே ஒரு குட்டித் திரை இருக்கிறது. உன் விளையாட்டை அழிக்காமல் மேலே வைத்துவிட்டு, அவள் முதலிலிருந்து தனியாக ஆடி அந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கிறாள். "அவிய வந்து தெறக்கட்டும்க்கா. உள்ள என்ன இருக்குன்னு அவியளும் பாக்கல, நானும் பாக்கல" என்றாள். தினமும் சாயங்காலம் அந்தப் பொட்டலில் கொஞ்சம் நடக்கிறாள், கிழவர் குனிகிறதைப் பார்க்கிறாள், பெட்டியை அணைத்துத் துணி போட்டு மூடுகிறாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன். உன் இரண்டு வரி அந்த நேரம் என் இடுப்புச் சுருக்குப்பைக்குள் இருந்தது.

செண்பகராஜை அங்கேயே பிடித்து, "எழவு வீட்டுல போயி பந்தி எப்பன்னு கேட்டிருக்கியேலே" என்று வைதேன். தலையைக் குனிந்துகொண்டே, "தெரியும் மதினி. ஜெயிச்சுட்டோம்னு சொன்ன அன்னையிலருந்து எனக்கு எம் பெட்டியத் தொடவே கை வரல. எதுக்க ஒருத்தன் நின்னு, உன் கதை சொத்தைலேன்னு சொன்னாத்தான எனக்கு ஆட்டம். இப்ப யாருகிட்டப் போயி மல்லுக்கட்ட" என்றான். பங்குனியில் உன் சேகா விளையாட்டுத் தட்டைப் படிக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றபோது, கழற்றித் துடைத்து ஓடவைத்தவனே அவன்தான். பிளேஸ்டேஷன்காரன் வைத்தியத்தில் சேகா பிழைத்துக் கிடக்கிறது. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். என் தலைக்கு ஒன்றும் ஆகாது, எத்தனையோ சத்தியம் பார்த்த தலை.

உனக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. இந்த வீட்டுக்கு நான் வரும்போது நீ டவுசர் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுகிறவன். அன்றைக்கும் உனக்குப் புத்தி சொல்லி நான் ஜெயித்ததில்லை. உங்க அண்ணன் ஆவணி முதல் தேதிக்கு வேட்டியை வெளுத்து வைத்திருக்கிறார். உன்னுடைய கடிதத்தை எங்கே வைத்தோம் என்று இரண்டு நாளாகத் துணிப்பெட்டியைக் கிளறுகிறார். அது இனிக் கிடைக்காது.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். பச்சைத்தண்ணீர் குடிக்காதே.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சந்தனமாரி வாசல்வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "அவிய லெட்டர் ஏதும் போட்டாவளாக்கா" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் போடவில்லை, இனிமேல்தான் போடுவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நல்லா இரு, ராசா. எழுதுவாய் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மதினி
வெயிலம்மாள்