ஒன்பது எம்.எம். பற்றி நான் பேசியதெல்லாம்

அன்பு மகள் ரெனேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதுவரைக்கும் சரி. உன் மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன், உன் வக்கீலம்மா பெயருக்கே இதை அனுப்புகிறேன், அவர் உன் கையில் சேர்ப்பார்.

இங்கே போன வாரம் ஆலங்கட்டி மழை, தோட்டத்து ருபார்ப் செடி இலை அத்தனையும் சல்லடையாகிவிட்டது, பிக்கப் வண்டியின் முகப்பு முழுக்கப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறது. அம்மா எஞ்சிய தண்டுகளைப் பொறுக்கி இரண்டு இனிப்புப் பை பலகாரம் சுட்டு ஒன்றை மாதாகோயிலுக்குக் கொடுத்தாள். நம் நாய் பிஸ்கட்டுக்கு இப்போது காதே கேட்பதில்லை, கூப்பிட்டால் வராது, தட்டு வைத்தால் மட்டும் எப்படியோ தெரிந்துகொள்கிறது. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். இதையெல்லாம் எழுதுவது முக்கியமானதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும், சின்ன வயதிலிருந்தே நீ என்னை நன்றாகக் கண்டுபிடிப்பாய்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டாயே, ஞாபகம் இருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா, கை சின்னதா இருக்கறவங்களுக்கு எந்த அளவுத் துப்பாக்கி சரிப்படும், ஒன்பது எம்.எம்மா, முன்னூத்தி எண்பதான்னு கேட்டாய். இருபத்தாறு வருஷம் துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நின்றவனிடம் பெற்ற மகள் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டால் எப்படி இருக்கும். மடை திறந்த மாதிரி பேசினேன். நாற்பத்தைந்து எனக்குத்தான் லாயக்கு, உனக்கு வேண்டாம் என்றேன். முன்னூற்றெண்பது தோட்டா சின்னது, ஆனால் துப்பாக்கியும் இறகு மாதிரி இருப்பதால் உதைப்பு கையைக் கடிக்கும், பெண்களுக்குச் சின்னதுதான் என்று சொல்லி விற்கிறவன் பேச்சைக் கேட்காதே என்றேன். நடுத்தர அளவில் கொஞ்சம் கனமான ஒன்பது எம்.எம். வாங்கு, தைரியமாகப் பழகக்கூடியதுதான் நல்ல துப்பாக்கி, பெரிய தோட்டா குறி தவறினால் வெறும் சத்தம்தான் என்றேன். நீ ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நடுவில் ஒரே ஒரு தடவை, வெளியேயிருந்து வர்றவன் இல்லப்பா, ஏற்கெனவே வீட்டுக்குள்ளயே இருக்கிற ஆளுன்னா என்ன பண்றது என்று கேட்டாய். நான் அதைக் கதவை உடைத்து உள்ளே நுழைந்துவிட்ட திருடன் என்று எடுத்துக்கொண்டு, எட்டு அடி தூரத்துக்குள் தோட்டா அளவு ஒரு பொருட்டே இல்லை என்று இன்னும் கால் மணி நேரம் பேசினேன். அம்மா தட்டு துடைத்தபடியே, எதுக்காம் அவளுக்குத் துப்பாக்கி, போனை இப்படிக் குடு என்றாள். ஊர் கெட்டுக் கிடக்கு, அதுக்குத்தான், இரு, நாங்க முக்கியமா பேசிக்கிட்டிருக்கோம் என்று சொல்லிவிட்டேன். கடையில் முகம் தெரியாதவன் ஒருவன் கொஞ்சம் படபடப்பாக வந்தால்கூட, எதுக்குங்க வேணும் என்று கேட்காமல் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கமாட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

அப்புறம் நீ வாங்கிவிட்டதாகச் சொன்னபோது, அதை எங்கே மறைத்து வைப்பது என்று யோசனை சொன்னதும் நான்தான். இது வரைக்கும் உனக்குத் தெரியும். இதற்கு மேல் உனக்குத் தெரியாது கண்ணு.

ஈஸ்டர் அன்று மத்தியானம் டெரிக் போன் பண்ணினான். நீ ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தாய். மாமா, ஈஸ்டர் வாழ்த்துகள், பன்றித்தொடை வெந்துடுச்சா, இந்த வருஷம் மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போவீங்களான்னு வழக்கம்போலச் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். அவனை எனக்குப் பிடிக்கும் ரெனே, பிடித்திருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பேச்சோடு பேச்சாக நான்தான் எடுத்தேன், என்ன மாப்ளே, எம்பொண்ணு ஒன்பது எம்.எம். வாங்கியிருக்காளே, அவளைப் பழக விடறியா, இல்ல நீயே எடுத்துச் சுட்டுத் தீர்க்கறியா என்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், ஓ அதுவா மாமா, நல்லாத்தான் இருக்கு என்றான். எங்க வைக்கச் சொன்னீங்க அவகிட்ட, வீட்டுக்கு வர்றவங்க கையில பட்டுடக் கூடாது பாருங்க என்று கேட்டான். எவ்வளவு பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டு, அலமாரி மேல்தட்டு, பனிக்கால பூட்ஸ் டப்பா என்று சொன்னேன். நானே சொன்னேன். அம்மா சுடச்சுடக் கறியை மேஜையில் வைத்தாள், நான் போய் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் நீ வேலை முடிந்து வந்தபோது அந்தத் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேஜையில் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான் என்றும், கையை முறுக்கி ஒடித்தான் என்றும், நீ செருப்புக்கூட இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாய் என்றும் அம்மா சொல்லித்தான் கேட்டேன். என் வாயால் வந்த வினை என்று கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு நீ அம்மாவிடம், உங்களை விட்டா லோர்னா ஒருத்திக்குத்தான் தெரியும், அவதான் உளறியிருக்கா, இனிமே அவ முகத்துல முழிக்கமாட்டேன் என்று அழுதாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் இரண்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்திருந்தேன். உன்னோடு எட்டு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவள், துப்பாக்கி வாங்க உன்கூடக் கடைக்கு வந்தவள், அவள் தலையில் என் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்று ஞாயிறு அப்படி இருந்தேன். சொன்னால் நீ என்னோடும் பேசமாட்டாய் என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. உன் பேச்சு எனக்கு வேண்டும் என்று உன் சிநேகிதியை உன்னிடமிருந்து பிடுங்கினேன்.

இன்று காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டு, அன்னிக்கே போனைக் குடுன்னு கேட்டேனே என்று மட்டும் சொன்னாள். நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்லேன் என்றேன். நான் சொல்லமாட்டேன், பேசினது நீ, எழுதறதும் நீயே எழுது என்று தாளைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். அதற்கப்புறம் லோர்னாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என்னை நாலு கேள்வி கேட்பாள் என்று தயாராக இருந்தேன். அவளோ, எம்மேல கோபப்பட்டா பட்டுட்டுப் போறா, ராத்திரி தூங்கறாளா, அதைச் சொல்லுங்க என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுடைய நம்பர் மாறவில்லையாம்.

இன்னொன்று வாங்கலாமா, எந்த அளவு என்று அப்பாவைக் கேட்டுச் சொல் என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். இந்த அப்பாவிடம் இன்னும் கேட்கிறாயே. ரெனே, நான் இப்போது அளவு எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தக் கையில் இன்று எதையும் உன்னால் இறுக்கிப் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாத துப்பாக்கி எதிராளியின் துப்பாக்கிதான், இது ஒன்று மட்டும் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். வாங்குவதா வேண்டாமா என்பதை, உன்னை மாதிரி நிலைமையில் இருந்தவர்களோடு பழகிய அந்த வக்கீலம்மாவிடம் உட்கார்ந்து பேசு. வாங்கினால் என்னிடம் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லாதே. அவன் உன்னை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவின் நகலை எப்போதும் பையில் வைத்திரு, கார் சாவியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வை, டாக்டர் சொன்ன விரல் பயிற்சியை வலித்தாலும் விடாதே.

ஆண்டவர் உன்னைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், நீ நீண்ட நாள் நிம்மதியாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் முழங்காலிட்டு ஜெபிக்கிறோம். என்னை மன்னித்துவிடு என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை, அது உன் இஷ்டம், உன் காலம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரத்தில் நான் வெளியே கொட்டகையில் இருப்பேன், அம்மாவிடம் தாராளமாகப் பேசு. ஆனால் அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு, லோர்னாவுக்குப் போன் பண்ணு.

உன் அப்பா,
ஆர்லன்