கோந்து போட்டு ஒட்டிய சான்றிதழ்

மாமா,

இன்று காலை ராஜ வீதியில், சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையைக் கடந்தபோது வார்னிஷ் வாசனை வந்தது. கூடவே நீங்களும் வந்தீர்கள். வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்த புதிது, அறுபதுகளின் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்த சான்றிதழை வாலாஜாபாத்திலிருந்து தகரப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். பட்டு எடுக்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடைக்கு என்னையும் அழைத்துப்போனீர்கள். தேக்கா, மாமரமா என்று அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தீர்கள். தங்கப்பூச்சு இரண்டு விரல் அகலம் போதாது, மூன்று வேண்டும் என்றீர்கள். புடவைக்குக் கரை தேர்ந்தெடுக்கும் அதே முகம். கடைசியாகச் சட்டக்காரர் ஒன்று கேட்டார்.

"அட்டை மேல ஒட்டிடவாங்க, இல்ல நாலு மூலையில சொருவி வைக்கவா? சொருவினா வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்."

"கோந்து போட்டு ஒட்டிடுபா. இது இனிமே எங்க போவப்போவுது."

என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். உங்கள் மேல் இருந்த பயத்தில் நானும் தலையாட்டினேன்.

ஐந்து வருடம் அது சுவரில் தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம மருமக டீச்சருக்குப் படிச்சவ" என்பீர்கள். அடுத்த மூச்சிலேயே உள்ளே பார்த்து, "காபி கொண்டாம்மா."

கூரம் பள்ளி வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டேன். சிரித்தீர்கள்.

"ஒட்டினது ஒட்டினதுதாம்மா. எடுத்தா கிழிஞ்சிடும், விட்டுடு."

ஏதோ தெய்வமே வந்து ஒட்டிவிட்டுப் போனதுபோல.

மறுநாள் நீங்கள் கோயிலுக்குப் போனதும் சட்டத்தைக் கழற்றி இறக்கினேன். குறடால் ஆணிகளைப் பிடுங்கி, அட்டையோடு எடுத்து, உங்கள் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நேர்முகம் நடந்த அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மாள் அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, பலகை மாரி இருக்குது?"

"எங்க மாமனார் ஒட்டிட்டாருங்க."

"எதுக்கு?"

"இனிமே எங்கயும் போவாதுன்னுங்க."

அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். "இங்க வந்துடுச்சே," என்று சொல்லிவிட்டு சான்றிதழ் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது. கிடைத்த வாரமே கூடத்தில் உங்கள் குரல் கேட்டது: "நான்தான் அனுப்பி வெச்சேன். பொம்பளைங்க முன்னுக்கு வரணும்." காலியான அந்தத் தங்கச் சட்டத்தில் உங்கள் போட்டோவைப் போட்டு மாட்டியிருந்தீர்கள். அதற்கு வெட்கப்படக்கூட உங்களுக்குத் தெரியவில்லை. உங்களைக் கண்டு ஐந்து வருடம் நடுங்கியிருக்கிறேன் என்று அன்றைக்கு என்னாலேயே நம்ப முடியவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் உங்கள் மகன் கேட்டார்.

"அப்பா மேல இன்னும் கோவமா இருக்கியா?"

"கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு. மதிப்புதான் கடைசி வரிக்கும் வரல."

இத்தனை வருடத்தில் அந்தப் பதிலை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, மாமா.