மெல்கருக்கு விழுந்த ஓட்டு

1813 செப்டம்பர் 14
அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே பதக்கமாம், இரும்புச் சிலுவை! எங்கள் கம்பெனிக்கு ஒன்று. யாருக்கு என்று நாங்களே முடிவு செய்ய வேண்டும்; ஒவ்வொருவராகப் போய் சார்ஜெண்டின் காதில் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சந்தேகமே இல்லை, ஹின்ரிக்தான். குண்டு மழையில் கேப்டனைச் சதுப்பு வழியே முதுகில் சுமந்து வந்தவர்.

அதே சண்டையின்போது எங்கள் கம்பெனியின் மூத்த சிப்பாய் மெல்கர் வண்டிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பீரங்கி வாயால் முழங்கியது, மெல்கர் மூக்கால்.

ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லார் காதிலும் தனித்தனியாக ஓதிவிட்டேன்: "மெல்கர்னு சொல்லுங்க. சார்ஜெண்ட் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். எப்படியும் ஹின்ரிக்குத்தான் கிடைக்கும்."

செப்டம்பர் 15
மெல்கர் ஜெயித்துவிட்டார்.

தான் ஒருவன்தான் விளையாடுகிறோம் என்று எல்லோருமே நினைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 16
சட்டையில் சிலுவையைக் குத்தியதும் மெல்கர் அழுதார். "அன்னிக்குத் தூங்கிட்டேனேன்னு உங்க மூஞ்சியில முழிக்கவே கூசிச்சுடா தம்பி. நீங்கள்லாம் மன்னிச்சுட்டீங்க."

மன்னிப்பா? ஐயோ.

செப்டம்பர் 19
ஹின்ரிக்கிடம் போய் ஒப்புக்கொண்டேன். பூட்ஸுக்கு மெழுகு தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குடா வந்தே? அவன்கிட்டப் போய்ச் சொல்லு. முடியுமா உன்னால?"

முடியவில்லை. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஏதோ ஜோக் அடித்துவிட்டுத் திரும்பினேன். வாய் இருக்கிறதே, வேண்டிய நேரத்தில் மட்டும் வேலை செய்யாது.

அக்டோபர் 2
நாளை விடிவதற்குள் ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கரையில் பிரெஞ்சுக்காரர்கள். முதல் படகுக்கு ஆள் கேட்டார்கள். முதலில் எழுந்தவர் மெல்கர்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை?"

"சிலுவை போட்டவன் பின்னாடி நிக்கலாமாடா?"

முதல் படகு திரும்பி வரும் என்று யாரும் நம்பவில்லை. அதில் அவரை ஏற்றுவது நான்தானே? என் நாக்குதானே?

தூங்குகிறார். நிம்மதியாக, குறட்டையோடு. அவருடைய பூட்ஸை எடுத்து வைக்கோலுக்குள் புதைத்துவிட்டேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 8
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை.

மெல்கர் வந்து சூப் ஊட்டினார். காலில் புது பூட்ஸ்.

"எந்தக் கழுதையோ என் பூட்ஸைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. நான் தேடிட்டு நிக்கறேன், நீ என் இடத்துல ஏறிட்ட. அடுத்த தடவை சார்ஜெண்ட் காதுல உன் பேருதான்டா தம்பி."

வாய் திறந்தேன். ஸ்பூனை உள்ளே வைத்தார்.

விழுங்கிவிட்டு, உப்பு இல்லை என்றேன். உப்புத் தேடிப் போயிருக்கிறார்.