பன்னிரண்டு சமம் பன்னிரண்டு

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

சிவசங்கரியின் அப்பாவுக்கு அமுதவள்ளி எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். நான் குரலை உயர்த்தினாலே குஜராத்தில் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் கணக்கு விஷயம். ஒன்பதாம் வகுப்பில் இப்போது பிரதியிடல் முறை நடக்கிறது. உங்கள் மகளுக்கு வீட்டில் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு தட்டில் விளக்கும் பொம்மையும் சேர்த்துப் பன்னிரண்டு, பொம்மையைவிட விளக்கு நான்கு அதிகம், தனித்தனியே எத்தனை? பன்னிரண்டில் விளக்கு போக மீதி பொம்மை என்று முதல் வரியிலிருந்து எடுத்தாள். அதுவரை சரி. அதை இரண்டாவது வரியில் போட வேண்டியவள், எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டாள். விளக்கு அடிபட்டுப் போய், பன்னிரண்டு சமம் பன்னிரண்டு என்று வந்து நின்றது. அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினாளாம். நீங்களும், "சூப்பர்டா பாப்பா, ரெண்டு பக்கமும் சரியா வந்துடுச்சே" என்றீர்களாம். கணக்கு டீச்சரின் புருஷன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரியில் தப்பே கிடையாது. ஆனால் எத்தனை விளக்கு என்று அது சொல்லவே இல்லையே!

அவளைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று வருஷமாக நீங்கள் என்னிடம் செய்வதும் இதுதான். எப்போது வருவீர்கள் என்றால், "ஷெட்டு முடிவானதும் வரேன்" என்கிறீர்கள். சூளை போடப் பார்த்த அந்த ஷெட் எப்போது முடிவாகும் என்றால், "நான் வந்தாதான் முடிவாவும்" என்கிறீர்கள். இரண்டும் ஒரே பேச்சு. ஒன்றை இன்னொன்றில் போட்டால், வந்தால் வருவேன் என்றுதான் நிற்கிறது. இதைக் கேட்டுத் தலையாட்ட நான் என்ன பைத்தியமா?

ஷெட்டுக்காரர் கார்முகில் நேற்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "தை பொறந்துட்டா வேற ஆளுக்கு வுட்டுடுவேன் டீச்சர், அண்ணன் வந்து ஒரு கையெழுத்து போடட்டும்" என்றார். சொந்தச் சூளையில் நம் பொம்மைகளைச் சுடுவோம் என்று ஆசை காட்டியது நீங்கள். அதற்குத் தொழில் பழகி வருகிறேன் என்றுதானே அந்த டைல்ஸ் கம்பெனிக்குப் போனீர்கள்?

எனக்கு ஒரு தேதி வேண்டும். ரயில் டிக்கெட்டில் அச்சடித்த தேதி. வர மனசில்லை என்றால் அதையாவது மறைக்காமல் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டும் மேலே போக எனக்குத் தெரியும். அழமாட்டேன் என்று சொல்லவில்லை.

சிவசங்கரி கணக்கை முதலிலிருந்து செய்து விடை கொண்டுவந்தாள். எட்டு விளக்கு, நான்கு பொம்மை. இதையும் அப்பாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவர் வந்து பார்க்கட்டும் என்றேன். என்றைக்கு என்று கேட்டாள். சோறு குழைந்துவிடும் என்று அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விட்டேன்.

மண் தூசியில் மூக்கைக் கட்டாமல் நிற்காதீர்கள். போன வாரம் பேசும்போது இருமினீர்கள். பழமலைநாதர் உங்களை நோய்நொடி இல்லாமல் வீடு சேர்க்கட்டும். அவள் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத
அமுதவள்ளி