கையுறையில் மருதாணி வாசனை

பம்பாய்
12-8-1966

அன்பு மெகருன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நான் சுகம். லால்பேட்டையில் நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே விமான இன்ஜினில் தேய்ந்த பாகங்கள் மேல் உலோகத்தை உருக்கிப் பீய்ச்சிப் பூச்சுப் போடுகிறோம். துளி எண்ணெய் பட்டிருந்தாலும் பூச்சு பிடிக்காது. போன வாரம் ஒன்று செதில் செதிலாக உரிந்துவிட்டது. சோதனையிலேயே தெரிந்துவிட்டது, பயப்படாதே. போர்மேன் என்னை முறைத்தார். எனக்கோ என்னோடு வேலை பார்த்து, என் அறையிலேயே தங்கியிருக்கும் திருவந்திபுரம் கலியமூர்த்தி மேல்தான் சந்தேகம்.

"கையுறை போட்டுத்தான் தொட்டேன் பாய்" என்றான்.

கையுறையை வாங்கி முகர்ந்தேன். நீ மருதாணி போட்டுக் காய்ச்சிக் கொடுத்த தலை எண்ணெய்! தீர்ந்துவிடுமே என்று நானே தடவாமல், மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வைத்துவிடுவேன். அப்படியும் அது குறைந்துகொண்டே வந்தது.

"ஊரு வாசனையா இருந்துச்சு பாய். கொஞ்சூண்டுதான் தடவுனேன்" என்று தலைகுனிந்தான்.

போர்மேனிடம் சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

இரண்டு பாட்டில் எண்ணெய் அனுப்பு, ஒன்று அவனுக்கு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. முக்கியமானதை மறந்துவிட்டேன்: அவன் பாட்டிலில் மருதாணி போடாதே. உன் கூந்தல் வாசனை இன்னொருத்தன் தலையில் வீச வேண்டாம்.

உன்
நூருல் அமீன்